குப்புராஜ் வீட்டு வைரஸ்

போனை வைத்த கையோடு நெசவாளி ஜெயவேல் சட்டையை மாட்டினார்.

"கலா, கெளம்பு. குப்புராஜ் முதலாளி வீட்ல வைரஸ் வந்துடுச்சாம். நாலு நாளா ஒரே பேஜாரா கீதாம். 'உன் பொண்ணு அதானே படிக்கிது, கொஞ்சம் அனுப்பு'ன்றாரு. புதுசா கம்ப்யூட்டர் வாங்கினாரே, அதுலதான்!"

சூர்யகலா வேலூரில் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முதல் வருஷம் முடித்து லீவில் வந்திருந்தாள். இரண்டாம் வருஷத்துக்கு அனுப்புவதா, மாப்பிள்ளை பார்ப்பதா என்று வீட்டில் இழுபறி.

"அப்பா, நான் படிக்கிறது உடம்புக்கு வர்ற வைரஸ். இது வேற."

"வைரஸ்னா வைரஸ்தான். கிருமியப் படிச்சி என்னா கிழிக்கப் போறான்னு சொந்தக்காரன் பூரா கேட்டுகினு கீறான். இந்த ஆரணில உன் படிப்பு ஒரே ஒரு வேலைக்கு ஒதவட்டும். அப்புறம் எவன் பேச்சயும் கேக்க மாட்டேன். நீ காலேஜுக்குப் போற."

இதற்குமேல் அவள் எப்படி மறுப்பாள்?

குப்புராஜ் கடையில் இருந்தார். அவர் மகன் கோபிநாத்தான் கதவைத் திறந்தான்.

"கம்ப்யூட்டர்ல வைரஸா? காலைலகூட கேம் ஆடினேனே. நல்லாத்தானே கீது?"

"உள்ள இருக்கிறது வெளிய தெரியாது தம்பி," என்றார் ஜெயவேல். "பாப்பா பாத்துக்கும்."

பாப்பா கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். திரை ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. கேட்டவரை மதித்து 'யெஸ்' அமுக்கினாள்.

"அக்கா! என் கேம் பூரா போச்சி!"

"அதுலதான் வைரஸ் இருந்திருக்கும்," என்றார் ஜெயவேல், டாக்டர் பக்கத்தில் நிற்கும் கம்பவுண்டர்போல.

போனதை மீட்க அவள் வேறொரு பட்டனை அமுக்கினாள். திரை முழுக்க நீலமாகிவிட்டது.

"நல்ல கலரு," என்றார் ஜெயவேல். நெசவாளி வாய் சும்மா இருக்குமா?

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்கப்பா!"

பேசாமல் இருந்தார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. லேபில் எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்துத்தான் வேலை செய்வோம் என்று மகள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வர, ஈரத் துண்டை எடுத்துப் பெட்டியின் பின்பக்கத்தை அழுத்தித் துடைத்தார்.

'பட்'டென்று ஒரு சத்தம். கம்ப்யூட்டர் அணைந்தது. விளக்கு அணைந்தது. வீட்டிலிருந்த அத்தனை ஃபேனும் நின்றன. தன் இரண்டாம் வருஷமும் அதோடு நின்றுவிட்டதென்று கலாவுக்குக் கண் கலங்கியது.

ஃபேன் நின்ற புழுக்கம் தாங்காமல் உள் அறையிலிருந்து குப்புராஜின் மனைவி கிருஷ்ணம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டி மடங்காமல், மரக்கால் வைத்தவர்போல நடந்து வந்தார். புகைந்துகொண்டிருந்த பெட்டியையும் கலாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதை ஏன் கண்ணு நோண்டிகினு கீற? சிக்குன்குனியா வைரஸ் வந்தது எனக்கு! டாக்டர் ஊசியப் போட்டுட்டுப் போறாரே தவிர வாயத் தொறக்க மாட்டேன்றாரு. அது இன்னா, எப்போ போவும்னு படிச்ச பொண்ணு நீ சொல்லுவேன்னுதான்மா உன்னை வரச் சொன்னேன்!"