ஒன்பது துப்பாக்கியும் ஆறாம் வகுப்பும்

“என் மூச்சு இருக்கிற வரைக்கும் இந்த ஒம்போதும் இந்தச் சுவத்துலதான் இருக்கும். மூச்சு போன பிறகும் இருக்கும். இது ராவுத்தன் வாக்கு!”

ஜெக்கரியா ராவுத்தர் இப்படி முழங்கியது ஏதோ பொதுக்கூட்டத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். தன் வீட்டுக் கூடத்தில், காலைப் பசியாறிவிட்டு, பனியனோடு நின்று, ஒரே ஒரு ஆளைப் பார்த்து முழங்கினார். அந்த ஆள் அவர் மனைவி ஹபீபுன்னிசா. அவள் பதிலே சொல்லாமல் இடியாப்பத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் ராவுத்தர் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்றுக்கொள்ளவில்லை. அவள் சண்டை போட்டால் பிழைத்தோம். பேசாமல் போனால் தொலைந்தோம்.

சங்கதி இதுதான். கூடத்துச் சுவரில் ஒன்பது பழைய துப்பாக்கிகள். எல்லாம் பட்டாளத்தில் உழைத்து ஓய்ந்தவை. தஞ்சாவூர் மராட்டிய ராஜா காலத்தில் திரி வைத்துச் சுட்டது ஒன்று. தரங்கம்பாடி டேனிஷ்காரன் விட்டுப்போனது இரண்டு. காரைக்கால் பிரெஞ்சுக்காரனுடையது ஒன்று. பாக்கி ஐந்தும் வெள்ளைக்காரக் கும்பினிப் பட்டாளத்துத் துப்பாக்கிகள். ஒன்றாவது சுடுமா என்று கேட்கக் கூடாது. மூத்த மகள் கல்யாணத்தன்று வேட்டுப் போடுகிறேன் பேர்வழி என்று மராட்டியத் துப்பாக்கியில் மருந்தை இடித்துத் திரியைக் கொளுத்தினார். கொஞ்சம் புகை வந்தது. பின்னாலேயே ஒரு பல்லி வந்து சம்பந்தி பந்தியில் விழுந்தது. அத்தோடு சரி.

ஆனாலும் பெருமை பெருமைதான். ராவுத்தர் வம்சம் குதிரைப் பட்டாளத்து வம்சமல்லவா! இவர் சைக்கிளில் ஏறினாலே வாய்க்காலில்தான் இறங்குவார், அது வேறு விஷயம். அவர் ஆயுளில் தொட்ட குதிரை துப்பாக்கிக் குதிரை மட்டும்தான். வெள்ளிக்கிழமை தோறும் தொழுகைக்குப் போய்வந்து ஒன்பதையும் இறக்கி, தேங்காயெண்ணெய் போட்டு, பச்சைப் பிள்ளையைத் துடைக்கிற மாதிரி துடைப்பார். யார் வந்தாலும் ஒவ்வொன்றின் சரித்திரத்தையும் சொல்லாமல் காப்பி கொடுக்கமாட்டார்.

ஹபீபுன்னிசாவும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் வைத்திருந்தாள். “என்னங்க, காசுமாலையில ஒட்டடை தொங்குது பாருங்க” என்பாள். காசுமாலையை விற்று வாங்கிய துப்பாக்கி அது. பக்கத்தில் தொங்குவது காராம்பசு. அதற்கும் பக்கத்தில் புளியந்தோப்பு.

இத்தனை வருஷம் ஒட்டடையோடு போன விவகாரம் இந்த வருஷம் முற்றியதற்குக் காரணம் பள்ளிக்கூடம். ஊரில் பெண்பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆறாம் வகுப்புக்கு ஆறு மைல் பஸ்ஸில் போகவேண்டும். எவனும் அனுப்பமாட்டான். “ஒரு பெரிய கூடம் காட்டுங்கள், வாத்தியாரம்மா தருகிறோம்” என்று சர்க்கார் சொல்லிவிட்டது. ஊரிலேயே பெரிய கூடம் ராவுத்தர் வீட்டுக் கூடம். பார்க்க வந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தார். “கூடம் பிரமாதம். ஒன்பது துப்பாக்கிக்கு அடியில குழந்தைங்க உக்காந்து கணக்குப் போட முடியாதுங்களே” என்றார். போய்விட்டார்.

ராவுத்தரின் பேத்தி ஷம்சாத் ஐந்து முடித்திருந்தாள். சாமிதுரையின் மகள் அம்சமும் முடித்திருந்தாள். சாமிதுரை யார் என்றால் விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர். போன மாதம்தான் தாலுகா ஆபீஸ் முத்தரப்புப் பேச்சுவார்த்தையில் மேஜைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நிலக்காரர்களோடு ராவுத்தரும் உட்கார்ந்து, அறுப்புக் கூலிக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். பிள்ளைகள் இரண்டும் என்னவோ ஒரே சிலேட்டுதான்.

“உலகத்துல வேற எடமே இல்லையா ஹபீபு?”

“இருக்கே. துப்பாக்கிக்கு வேற எடம் இருக்கு. புள்ளைங்களுக்குத்தான் இல்ல.”

“துப்பாக்கிக்கு எங்க இருக்கு?”

“நெல்லுக் குதிருக்குப் பின்னால.”

“என்னது! கும்பினிப் பட்டாளத்துத் துப்பாக்கிய எலிக்குக் காவல் வைக்கிறதா?”

“கும்பினிக்காரனே வேணாம்னு விட்டுட்டுக் கப்பல் ஏறிட்டான். நீங்க ஏன் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?”

அதற்குத்தான் அந்த முழக்கம். அதற்குத்தான் அந்த மௌனம்.

மௌனம் இரண்டு நாள் நீடித்ததும் ராவுத்தர் திண்ணையில் போய் உட்கார்ந்தார். ஒரு யோசனை செய்தார். காலம் அப்படிப்பட்ட காலம். கழக ஆட்சி நடக்கிறது. நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கருக்கு இறக்கிவிட்டார்கள். வயலுக்கு வயல் கொடி, மடைக்கு மடை தகராறு, ரோட்டில் போலீஸ் வேன். எந்த உத்தரவு எப்போது வந்தது என்று கேட்டால் தாசில்தாரே தலையைச் சொறிவார். இந்த நேரத்தில் கூட ஒரு உத்தரவைச் சேர்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

கடைத்தெருவிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

“ஹபீபு! கேட்டியா சேதி? சர்க்கார் உத்தரவு போட்டுட்டான்.”

“என்னன்னு?”

“கலவர நேரமில்லையா? துப்பாக்கி வச்சிருக்கிற வீட்டுக்காரங்க அத வச்ச எடத்தவிட்டு ஒரு அங்குலம் நகத்தக் கூடாதாம். நகத்தினா ஆறு மாசம் உள்ள!”

“சுடாத துப்பாக்கிக்குமா?”

“சுடாததுக்குத்தான் முக்கியமா.”

“ஆணியிலேருந்து எறக்கினா?”

“மூணு மாசம்.”

“அப்ப வெள்ளிக்கிழமை எறக்கி எண்ணெய் போடுறீங்களே?”

ராவுத்தர் திணறினார். “அது... தொழுதுட்டு வந்து செஞ்சா விலக்கு உண்டு.”

வாசலில் சாமிதுரை போய்க்கொண்டிருந்தார். ராவுத்தர் விடவில்லை. “சாமிதுரை! நீ சங்கத்து ஆளு. அந்த நகத்தக் கூடாதுங்கிற உத்தரவு உனக்குத் தெரியுமில்ல?”

சாமிதுரை ராவுத்தரைப் பார்த்தார். ஹபீபுன்னிசாவைப் பார்த்தார். “எங்களுக்கு வர்ற உத்தரவெல்லாம் ‘நகரு’ன்னுதாங்க வரும் ராவுத்தரய்யா. ‘நகராதே’ன்னு வந்திருந்தா அது உங்களுக்கு மட்டும் வந்ததா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“சரிதான்” என்றாள் ஹபீபுன்னிசா. “சட்டம்னா சட்டந்தான். யாரு மீறுறது?”

அவ்வளவுதான்! விழுந்தது கோட்டை! ராவுத்தர் அன்று மதியம் கறி ஆணத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு ஒன்பதையும் பார்த்து, பட்டாளத்துக்குத் தளபதி செய்கிற மாதிரி ஒரு சலாம் வைத்தார்.

நாலாம் நாள் காலை வாசலில் போலீஸ் லாரி வந்து நின்றது.

சப்-இன்ஸ்பெக்டர் இறங்கினார். இரண்டு கான்ஸ்டபிள்கள் இறங்கினார்கள். கண்ணாடி போட்ட ஒருவர், கக்கத்தில் பஞ்சுத் துணி மூட்டையோடு, பூ மாதிரி இறங்கினார். அவர் தஞ்சாவூரில் ஒரு காட்சிசாலை அதிகாரி.

“அம்மா எங்களுக்கும் காட்சிசாலைக்கும் மனு குடுத்திருக்காங்க” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். படித்தார்: “‘துப்பாக்கிகளை வீட்டுக்காரர்கள் நகர்த்தக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு வந்திருப்பதாக என் கணவர் சொன்னார். அவர் பொய் சொல்லக்கூடியவர் அல்ல. ஆகவே சர்க்காரே வந்து நகர்த்திக் கொடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ ஏங்க, எங்க ஸ்டேஷனுக்கே வராத உத்தரவு உங்களுக்கு எப்படிங்க வந்துச்சு?”

ராவுத்தர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பொய் என்றால் மானம் போகும். நிஜம் என்றால் துப்பாக்கி போகும்.

“கடைத்தெருவுல... பேசிக்கிட்டாங்க.”

“பேசினாலும் நல்லதாத்தான் பேசியிருக்காங்க. இந்த நேரத்துல இது வீட்டுல இருக்கிறதைவிட தஞ்சாவூர்ல இருக்கிறது மேல். தூக்குங்கப்பா!”

சாமிதுரையும் ஒரு கை கொடுத்தார். “பாத்துப் புடி தம்பி, அது காசுமாலை” என்று ஹபீபுன்னிசா எச்சரித்தாள். ஒன்பதும் துணி சுற்றிக்கொண்டு ஜனாஸா ஊர்வலம் மாதிரி வரிசையாகப் போயின. கண்ணாடிக்காரர் ஒரு காகிதம் நீட்டினார். ஹபீபுன்னிசா கையெழுத்துப் போட்டாள். ராவுத்தர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லாரி போன பிறகு ராவுத்தர் அவள் பக்கம் திரும்பினார். “என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டிருந்தா நகத்தக் கூடாதும்பீங்க.”

“கையெழுத்துப் போட்டுட்டியே, பாவி!”

“போட்டேன். கண்ணாடிப் பெட்டியில, வெல்வெட்டு விரிச்சு வைப்பாங்களாம். இங்க என்ன வச்சிருந்தோம், ஆணியும் பல்லியும்.”

ராவுத்தர் அழுதார். ஆமாம், அழுதார்; அதில் மறைக்க என்ன இருக்கிறது? இருபத்தைந்து வருஷம் தேடித்தேடிச் சேர்த்தது. சுண்ணாம்புச் சுவரில் ஒன்பது நீளத் தடம்தான் மிச்சம். அந்தத் தடத்துக்கு அடியில் அடுத்த வாரமே கரும்பலகை மாட்டினார்கள். இருபத்து மூன்று பெண்பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, வாத்தியாரம்மா சொல்லச் சொல்லப் போட்ட சத்தத்தில், துப்பாக்கி வெடித்திருந்தால்கூட யார் காதிலும் விழுந்திருக்காது.

பிறகு ஒரு அழைப்பிதழ் வந்தது. காட்சிசாலையில் பழைய துப்பாக்கிக் காட்சிக்குத் திறப்பு விழா, கலெக்டர் வருகிறார். “நான் வரமாட்டேன். செத்தாலும் வரமாட்டேன்” என்றார் ராவுத்தர். சொல்லிவிட்டு ஷெர்வானியை இஸ்திரிக்குக் கொடுத்தார்.

அங்கே போய்ப் பார்த்தால், அல்லாவே! கண்ணாடிப் பெட்டி. சிவப்பு வெல்வெட்டு. மேலே விளக்கு. ஒன்பதும் மாப்பிள்ளை மாதிரி ஜொலிக்கின்றன. சுற்றிலும் ஜனம் முண்டியடிக்கிறது. ராவுத்தரின் மார்பு ஷெர்வானிப் பித்தானைச் சோதித்தது. நம்ம வீட்டுது, நம்ம கை பட்டது என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேடையில் கண்ணாடிக்காரர் சொன்னார்: “இந்த அரிய துப்பாக்கிகளை அனுப்பி உதவிய ஹபீபுன்னிசா அம்மாள் அவர்களுக்கு நன்றி!” படபடவென்று கைதட்டல். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பி, “அந்தம்மா வீட்டுக்காரருங்களா நீங்க?” என்று விசாரித்தார்.

சுருக்கென்று தைத்தது. அந்தம்மா வீட்டுக்காரரா! குதிரைப் பட்டாளத்து வம்சமா, அந்தம்மா வீட்டுக்காரரா?

“ராவுத்தர் அவர்கள் இரண்டு வார்த்தை பேசுவார்” என்று அழைத்தார்கள். மைக் கைக்கு வந்தது. இரண்டு வார்த்தை இருபது நிமிஷம் ஓடியது.

“கலெக்டர் அவர்களே! பெரியோர்களே! கையெழுத்துப் போட்டது என் சம்சாரம். மனசுல முடிவு பண்ணினவன் நான்! எங்க முன்னோர் குதிரையில போய் ராஜ்யம் காத்தாங்க. நான் இந்தத் துப்பாக்கிகளைக் காத்தேன். இன்னிக்கு இந்த ஜில்லாவுக்கே குடுத்தேன். ஒரு நாளைக்கில்ல, ஒரு வருஷத்துக்கில்ல, காலம் உள்ள வரைக்கும் குடுத்தேன்! ராவுத்தன் குடுத்ததைத் திருப்பி வாங்கமாட்டான்! எங்க வீட்டுக் கூடமும் இனி புள்ளைங்க படிக்கத்தான்!”

காட்சிசாலை அதிர்ந்தது. கலெக்டர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். சாமிதுரை கடைசி வரிசையில் நின்று, முத்தரப்புக் கூட்டத்தில் ஒரு நாளும் தட்டாத கையைத் தட்டினார். இழந்ததை எல்லாம் ஒரே பேச்சில் மீட்டுவிட்ட பெருமிதத்தோடு ராவுத்தர் மேடையைவிட்டு இறங்கினார். உண்மையாகவே மனசு நிறைந்திருந்தது.

கண்ணாடிக்காரர் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“உங்க மனசு யாருக்குங்க வரும்? ஒரு மாசக் காட்சிக்குன்னு இரவல் வாங்கிட்டு வந்ததை, இப்படி ஒரேயடியாக் குடுத்துட்டீங்களே!”

“என்னது? ஒரு மாசமா?”

“ஆமாங்க. அம்மா கையெழுத்துப் போட்டது அதுக்குத்தானே? பத்தாந்தேதி திருப்பி அனுப்ப லாரிகூட சொல்லி வச்சிருந்தேன். நிரந்தரமாக் குடுப்பீங்களான்னு அம்மாவை அன்னிக்கே கேட்டுப் பாத்தேன்.”

ராவுத்தர் மெல்லத் திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். ஹபீபுன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பேத்திக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“அவ என்ன சொன்னா?”

“‘அது அவரோட பொருள், நான் குடுக்க முடியாது. மேடையில ஏத்தி மைக்கை மட்டும் கையில குடுங்க, மிச்சத்தை அவரே பாத்துக்குவாரு’ன்னாங்க.”