நிக்கனோர் தேய்த்த எண்கள்

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நிக்கனோரின் ஆம்ப்ளிஃபயர் "டொப்" என்றது. பிறகு புகைந்தது. பிறகு நிக்கனோர் புகைந்தான்.

புகையாமல் என்ன செய்வான்? சனிக்கிழமை எவரிஸ்தோவோடு போட்டி. தெருமுனையில் இரண்டு பேருடைய பிகோவையும் எதிரெதிரே நிறுத்துவார்கள். எவன் பிகோ ஜன்னல் கண்ணாடியை அதிகம் உலுக்குகிறதோ, கார்னிவலின் நாலு நாளும் ரெபோலோ பேட்டை அவன் பாட்டுக்குத்தான் ஆடும். தோற்றவன் அந்த நாலு நாளும் வீட்டில் உட்கார்ந்து ஜெயித்தவனின் பாட்டைக் கேட்க வேண்டியதுதான்.

பிகோ என்றால் ஆளைவிட உயரமான ஒலிப்பெட்டிகள். முகப்பில் பளபளவென்று ஒரு படம். அதற்கு உயிர் கொடுக்க, சொந்தக்காரன் தன் கையாலேயே கட்டிய ஆம்ப்ளிஃபயர். நிக்கனோருடைய பிகோவின் பெயர் 'பருந்து'. வரைந்தவனுக்குப் பாதிக் கூலிதான் கொடுத்ததால் அது கொஞ்சம் கோழி மாதிரி இருக்கும். அதைச் சொன்னால் நிக்கனோர் அடிக்க வருவான். எவரிஸ்தோ தினமும் சொல்வான்.

நிக்கனோர் மூடியைக் கழற்றினான். உள்ளே வரிசையாக எட்டு டிரான்சிஸ்டர்கள், எட்டும் இரும்புத் தொப்பி போட்டவை. ஒன்று செத்துவிட்டது. அதனால் ஒன்றும் மோசமில்லை. தொப்பியின் தலையில் எண் அச்சடித்திருக்கும். அதைப் பார்த்து இன்னொன்று வாங்கி மாட்டினால் அரை மணி வேலை.

எட்டுத் தலையிலும் எண் இல்லை. உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தது.

"எந்த மடையன்டா இதைத் தேய்ச்சான்?" என்று கத்தினான் நிக்கனோர்.

"நீதான்," என்றாள் அவன் பெண்டாட்டி எடில்சா, சமையலறையிலிருந்து.

உண்மைதான். அந்த ஊரில் பிகோக்காரன் ஒருவன் நல்ல இசைத்தட்டு ஒன்றைக் கண்டுபிடித்தால் முதல் வேலையாக அதன் நடுவிலிருக்கும் பெயர்ச் சீட்டைச் சுரண்டிவிடுவான். அடுத்தவன் போய் அதையே வாங்கிவிடக் கூடாதே! எல்லாரும் தட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். நிக்கனோருக்கு மட்டும் அது போதவில்லை. ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் இறங்கிவிட்டான். டிரான்சிஸ்டர்களின் எண்ணைத் தேய்த்தான். ரெசிஸ்டர்களின் வண்ண வளையங்கள்மேல் எடில்சாவின் சிவப்பு நகப்பூச்சைப் பூசினான். வரைபடத்தை அடுப்பில் போட்டு எரித்தான். "எல்லாம் இங்கே இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினான்.

அங்கே என்ன இருந்தது என்று இப்போது தேடினான். நிறைய எண்கள் இருந்தன. சாமான் கடையில் எவரிஸ்தோவின் ஆட்கள் ஒட்டுக் கேட்பார்கள் என்று அவன் போகும்போதெல்லாம் பொய் எண்ணாகச் சொல்லி, வேண்டாததையெல்லாம் வாங்கி வருவான். நிஜமாகத் தேவைப்பட்டதை எடில்சாவை அனுப்பித்தான் வாங்கினான். இரண்டு வருஷமாகச் சொன்ன பொய்யெல்லாம் இப்போது உண்மையோடு தோளில் கை போட்டுக்கொண்டு நின்றது. எது எது என்று பிரிக்க முடியவில்லை.

"மூணு பாட்டில் நகப்பூச்சு," என்று எடில்சா வாசலில் வந்து நின்றாள். கையில் மரவள்ளிக்கிழங்கு, இன்னொரு கையில் கத்தி. "எனக்குக்கூட அத்தனை போட்டதில்ல. உன் பெட்டி என்ன கல்யாணத்துக்கா போகுது?"

"நீ மிக்சி போட்டே. அதான் கரன்ட் குதிச்சு இது போச்சு!"

"நான் மிக்சி போடல."

"போட நினைச்சிருப்பே!"

எடில்சா கிழங்கை ஒரே வெட்டில் இரண்டாக்கினாள். நிக்கனோர் இரண்டடி பின்னால் போனான்.

உதிரிப் பெட்டியைக் கவிழ்த்தான். நாற்பது டிரான்சிஸ்டர் விழுந்தன. நாற்பதும் மொட்டைத் தலை. தேய்த்த வேகத்தில் அவற்றையும் அப்போதே தேய்த்திருந்தான். ஒன்றை எடுத்து மாட்டினான். புதிதாக எதையாவது மாட்டினால் முதலில் ஒரு நூறு வாட் பல்பின் வழியாகத்தான் கரன்ட் கொடுத்துப் பார்ப்பான். எல்லாம் சரியென்றால் பல்பு மங்கும், உள்ளே கோளாறென்றால் பளிச்சென்று எரியும். பளிச்சென்று எரிந்தது. கூடமே வெளிச்சமாகிவிட்டது.

"ரொம்ப நாளைக்கு அப்புறம் ஹால்ல வெளிச்சம்," என்றாள் எடில்சா.

இன்னொன்றை மாட்டினான். பல்பு மங்கியது. பல்பை எடுத்துவிட்டு நேராகக் கரன்ட் கொடுத்தான். பருந்து இரண்டு நிமிஷம் பாடியது. நிக்கனோர் இரண்டு கையையும் தூக்கினான். டொப். தூக்கிய கையால் தலையில் அடித்துக்கொண்டான். வகை சரியாக இருந்தால் மட்டும் போதாது, தாக்குப் பிடிக்கும் பலமும் வேண்டும். அந்தப் பலத்தின் பெயர்தான் எண். அந்த எண்ணைத்தான் ஒரு புத்திசாலி தேய்த்துவிட்டானே!

சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்து நகர மையத்துக்கு ஓடினான். சலீமின் சாமான் கடையில் சலீம் மட்டும்தான் இருந்தார்.

"வழக்கமா நான் வாங்குறதைக் குடுங்க," என்றான் நிக்கனோர், குரலைத் தாழ்த்தி.

"எதை? நீ வந்தா ஒன்பது நம்பர் சொல்லுவே. உன் பொண்டாட்டி வந்தா ரெண்டே ரெண்டுதான் சொல்லுவா."

"அந்த ரெண்டுதான்! அந்த ரெண்டையும் சொல்லுங்க!"

"சொல்ல முடியாது."

"ஏன்?"

"என் பிள்ளைங்க மேல சத்தியம் வாங்கியிருக்கா, யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு. நீதான் அப்படிச் செய்யச் சொன்னியாமே."

"நானே வந்து கேட்கிறேன்யா!"

"நீ கேட்டாலும்னு தனியா ஒரு சத்தியம் இருக்கு," என்றார் சலீம் வருத்தமாக.

திரும்பி வரும் வழியெல்லாம் நிக்கனோர் பஸ்ஸில் தனக்குத்தானே திட்டிக்கொண்டு வந்தான். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். பெண்டாட்டியிடம் கேட்பதா? இத்தனை வருஷமாக "உனக்கு ஒண்ணும் தெரியாது, நகரு" என்று சொன்ன வாயால்? வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை ரோஷத்தோடு இருந்தான். அதற்குள் இன்னும் ஐந்து டொப்.

"எடில்சா."

"என்ன?"

"கடைக்குப் போறப்போ ரெண்டு நம்பர் சொல்லி அனுப்புவேனே..."

"எந்த நம்பர்?"

"விளையாடாதே!"

"தூக்கத்துலகூட உளறக் கூடாதுன்னு சொன்னியே."

"நான் கேட்டா சொல்லலாம்!"

"நீ கேட்டாக்கூடக் கூடாதுன்னு சொன்னே. 'குடிச்சிட்டு வந்து நானே கேட்பேன் எடில்சா, அப்பவும் வாயைத் திறக்காதே'ன்னே. ஒரு வார்த்தை விடாம ஞாபகம் இருக்கு."

"இப்போ நான் குடிக்கல!"

"அது உனக்குத்தான் தெரியும்."

நிக்கனோர் கத்தினான். ஸ்குரூடிரைவரைத் தூக்கி எறிந்தான். பதினெட்டு வருஷக் கல்யாணத்தில் ஒரு நாளாவது எனக்கு உதவியிருக்கிறாயா என்று கேட்டான். அதுதான் தப்பு. எடில்சா அடுப்பை அணைத்தாள்.

"உதவியா? இந்த ஹாலைப் பாரு. நல்லாப் பாரு. என் ஆடுற நாற்காலி நாலும் எங்கே? கொல்லைச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்கே. அஞ்சு வருஷமா மழையில நனையுது. இந்தத் தெருவுல எல்லாப் பொம்பளையும் சாயங்காலம் வாசல்ல நாற்காலி போட்டுக் காத்து வாங்குறாளுக. நான் உன் பெட்டிக்குப் பின்னால ஒரு கவுத்துன வாளிமேல உக்காந்திருக்கேன். அதை விடு. எங்கப்பா செத்தாரே! சவப்பெட்டியை வைக்க இந்த வீட்ல இடம் இருந்துச்சா? பக்கத்து வீட்டு ஹால்ல கொண்டுபோய் வச்சேன். பெத்த அப்பனை! வந்தவங்க எல்லாம் பக்கத்து வீட்டுக்காரிக்குத் துக்கம் சொல்லிட்டுப் போனாங்க. நீ என்ன சொன்னே? 'பெட்டியை நகர்த்தினா வயரிங் கெட்டுடும்'னே."

நிக்கனோர் அவள் கையைப் பார்த்தான். கத்தி அன்றும் அதில்தான் இருந்தது.

"இப்போ என்ன வேணும் உனக்கு?" என்றான் கடைசியில்.

"ஹால்."

"சனிக்கிழமை முடியட்டும், எடுத்துடறேன்."

"இப்போ. பெட்டி எல்லாம் கொல்லைக் கொட்டகைக்குப் போகணும். உன் மேஜை, வயர், உப்புத்தாள், எல்லாம். திரும்பி உள்ளே வராதுன்னு சத்தியம் பண்ணு."

"கார்மென் மாதா மேல..."

"மாதாவை ஏமாத்தினவன் நீ. உன் பருந்து மேல கை வச்சு பண்ணு. பொய்ச் சத்தியம்னா நாளைக்கு எவரிஸ்தோ முன்னாடி டொப்புன்னு போகட்டும்."

பிகோமேல் பொய்ச் சத்தியம் செய்ய எந்தப் பிகோக்காரனுக்கும் துணிச்சல் வராது. நிக்கனோர் பருந்தின் கொண்டையில் கை வைத்தான். அது கொண்டை இல்லை, இறகு என்று அவன் சொல்வான். பல்லைக் கடித்துக்கொண்டு சத்தியம் செய்தான்.

பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமே என்று வாசலைத் திறந்தான். சொல்லி வைத்தாற்போல அடுத்த வீட்டு ஆண்கள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. நாலு பேர் முகத்திலும் ஒரு மாதிரிச் சிரிப்பு. நிக்கனோர் அவர்களையும் திட்டினான். அவர்கள் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள்.

சாயங்காலம் கூடம் காலி. தரையில் பூப்போட்ட ஓடு இருப்பதே நிக்கனோருக்கு அன்றுதான் தெரிந்தது. நாற்காலிகள் இறங்கி வந்தன. எடில்சா ஒன்றில் உட்கார்ந்து, இரண்டு முறை ஆடிப் பார்த்து, "மூணு ஏழு ஏழு மூணு," என்றாள்.

"இன்னொண்ணு?"

"அந்த மூலையில ஒரு வயர் சுருள் கிடக்கு."

அதையும் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டான்.

"ஆறு ஆறு பூஜ்யம் ஒன்பது. ஒவ்வொண்ணுலயும் நாலு."

கேட்டதுமே நிக்கனோருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அதனால் ஆத்திரம் இரண்டு மடங்கானது. சனிக்கிழமை காலை சலீமின் காதோடு எண்களைச் சொல்லி வாங்கி வந்தான். சலீம் "சத்தியம் தப்பிச்சுது" என்று பெருமூச்சு விட்டார். மாட்டினான். பல்பு மங்கியது. நேராகக் கரன்ட் கொடுத்தான். பருந்து பாடியது. இரண்டு நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. கொட்டகைத் தகரம் தடதடத்தது. அடுத்த தெரு நாய் குரைத்தது.

நிக்கனோர் வியர்வையைத் துடைத்துக்கொண்டான். கூடம் போயிற்று, மானம் போயிற்று. போகட்டும். ரகசியம் தப்பியது. அந்த இரண்டு எண்ணும் உலகத்தில் மூன்றே பேருக்குத்தான் தெரியும். எவரிஸ்தோ தலைகீழாக நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஒரு ஆறுதலை நெஞ்சில் வைத்துக்கொண்டு, போட்டிக்கு முன்னால் ஒரு பீர் குடிக்கத் தெருமுனைக்குப் போனான்.

அங்கே குடையின் கீழ் தோன்யா ஒடிலியா உட்கார்ந்து நம்பர் சீட்டு விற்றுக்கொண்டிருந்தாள். நாலு இலக்கம் சொல்லிக் காசு கட்டினால் அன்றைய குலுக்கலில் விழுந்தாலும் விழும். அதெல்லாம் மூளை இல்லாதவர்கள் செய்கிற வேலை என்பது நிக்கனோரின் கட்சி. அந்தப் பக்கம் அவன் தலையைத் திருப்பியதே இல்லை. இன்று பீர் வர நேரமானதால் திருப்பினான்.

அவளுடைய கரும்பலகையில் சாக்கட்டியால் பெரிதாக எழுதியிருந்தது: '3773, 6609 இன்றைக்கு முடிந்தது.'

நிக்கனோர் பீரை மறந்து பலகைக்கு முன்னால் போய் நின்றான்.

"இது என்ன?"

"அந்த ரெண்டுலயும் அளவுக்கு மேல ஆள் போட்டாச்சு. இனிமே வாங்காதேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. வேற நம்பர் சொல்லு, நிக்கனோர்."

"யாரு போட்டா?"

"தெருவே போடுது. ரெண்டு வருஷமாச்சு. எடில்சா கடைக்குப் போயிட்டு வந்து, கையில அந்தச் சாமானை வச்சுக்கிட்டு, 'இந்த மூணு ஏழு ஏழு மூணு முன்னாடி படிச்சாலும் பின்னாடி படிச்சாலும் ஒண்ணா இருக்கே'ன்னு ரெண்டு நம்பரையும் போட்டா. அந்த வாரமே விழுந்துச்சு. அன்னிலேருந்து மீன்காரன், தையற்காரி, எவரிஸ்தோ..."

"எவரிஸ்தோவா!"

"முதல் தடவை பார்த்துட்டு அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். அவன் பிகோவுக்குள்ளயும் அதே சாமான்தானாம்."

நிக்கனோரின் முகம் சிவந்தது. நகப்பூச்சு பூசிய மாதிரிச் சிவந்தது.

"மூணு நாளா நான் பைத்தியக்காரன் மாதிரி இந்த வழியா ஓடினேனே! ஒருத்தராவது ஒரு வார்த்தை சொன்னீங்களா? அப்போ ஏன் இந்தப் பலகை என் கண்ணுல படல?"

"வியாழக்கிழமை நீ பஸ்ஸுக்கு ஓடினப்போ நான் இந்தப் பலகைமேலதான் உக்காந்திருந்தேன். இடுப்பே போச்சு," என்றாள் தோன்யா ஒடிலியா. "உன்னைப் பார்க்கப் பாவமாத்தான் இருந்துச்சு, கூப்பிட்டுச் சொல்லிடலாம்னுதான் எழுந்தேன். எடில்சாதான், ஹால் காலியாகட்டும், அப்புறம் சொல்லுங்கன்னுட்டா."