ஒரு டின் தேங்காயெண்ணெயும் நான் பறந்த பறப்பும்

கடல் மட்டத்தில் பிறந்தவன் வாயையும் கடல் மட்டத்திலேயே வைத்துக்கொள்வது உடம்புக்கு நல்லது. இந்த உண்மையை நான் தெரிந்துகொண்டபோது அந்தமானில், பெரார்கஞ்ச் என்கிற ஊரில், ஒரு நாற்றங்காலுக்குள் மல்லாக்கக் கிடந்தேன். என்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பெண், அவளைப் பெற்றவர்கள், அக்கம்பக்கத்து வங்காளிக் குடும்பங்கள் எல்லாரும் வரப்பில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போர்ட் பிளேர்க்காரன். மின்னி பே பகுதியில் வீடு. எங்கள் ஊரில் பனி என்றால் ஃபிரிட்ஜின் மேல்தட்டில் ஐஸ்கிரீம் டப்பாவைச் சுற்றி வளருமே, அதுதான். அந்த ஊரில் பிறந்துவிட்டு நான் பார்க்கும் வேலை, குல்மார்கில் ஒரு விடுதியில் பனிச்சறுக்குப் பயிற்சியாளர். (சிரிக்காதீர்கள். என் அப்பாவே இன்னும் சிரித்து முடிக்கவில்லை.) ஹோட்டல் படிப்புக்காக மெயின்லேண்டுக்குப் போனவன் நான். தட்டு தூக்கும் வேலைக்குத்தான் குல்மார்க் போனேன். ஓய்வு நேரத்தில் காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு மலையிறங்கப் பழகி, ஒன்பது குளிர்காலம் ஓடிவிட்டது. எவ்வளவு செங்குத்தான சரிவானாலும் இறங்கிவிடுவேன். ஒன்றே ஒன்றுதான் செய்ததில்லை. மேட்டிலிருந்து அந்தரத்தில் தாவுவது. என் பலகைகள் பனியை விட்டுப் பிரிந்ததே கிடையாது, அவ்வளவு பாசம்.

மலரை நான் சந்தித்தது சென்னையிலிருந்து வந்த கப்பலில். அவள் பெரார்கஞ்சில் கணக்கு டீச்சர். எங்களுக்குள் எல்லாம் பேசி முடித்தாயிற்று. பாக்கி இருந்தது அவள் அப்பா தங்கராசு மாமாவின் சம்மதம் மட்டும். மாமாவுக்குப் பாக்குத் தோப்பும் அதன் அடிவாரத்தில் கொஞ்சம் நெல்வயலும் உண்டு. மழைக்காலத்தில் எனக்கு லீவு என்பதால், ஜூலையில் சறுக்குப் பலகைகளோடு வந்து இறங்கினேன். ஏர்போர்ட் ஆட்டோக்காரர் அந்த நீளப் பையைப் பார்த்துவிட்டு, "பர்தா கா ராடா பாய்?" என்றார். ஜன்னல் திரைக்கம்பி என்று நினைத்துவிட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எத்தனை பேருக்குத்தான் விளக்குவது!

பெண் வீட்டில் முதல் கேள்வியே அதுதான்.

"தம்பி என்ன வேலை பாக்குறீங்க?"

"பனியில சறுக்கக் கத்துக்குடுக்குறேன் மாமா."

"சறுக்கி விழறதுக்குக் கத்துக்கணுமா? மழைநாள்ல நம்ம தோப்புக்கு வாங்க, தானா வரும்."

அத்தை முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தி, "அவரு கெடக்காரு, நீங்க சாப்பிடுங்க மாப்ள" என்றார். அத்தைக்கு நான் அன்றைக்கே மாப்பிள்ளை ஆகிவிட்டேன். மாமாவுக்குத்தான் நான் இன்னும் தம்பி.

போனில் என் வீடியோக்களைக் காட்டினேன். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"சரி, டிவில காட்டுறானே, மேட்டுல இருந்து அந்தரத்துல பறக்குறானுங்க... நீங்களும் அந்த மாதிரித் தாவுவீங்களா?"

அவர் முதுகுக்குப் பின்னால் மலர் தலையை வேகமாக ஆட்டினாள். கண்ணையும் உருட்டினாள். 'நல்ல சந்தர்ப்பம், விடாதே' என்கிறாள் என்று புரிந்துகொண்டேன். (காதலிக்கிறவனின் மூளை இப்படித்தான் மொழிபெயர்க்கும்.)

"குட்டிக்கரணம் எல்லாம் இப்ப விட்டுட்டேன் மாமா. சாதாரணத் தாவல்னா தினமும் உண்டு."

தினமும் உண்டு என்பது பொய்யில்லை. விடுதியில் என் படுக்கை மேலடுக்கில்; காலையில் தாவித்தான் இறங்குவேன்.

மாமா போனைத் திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தில் தெரிந்ததை நம்பிக்கையின்மை என்று எடுத்துக்கொண்டேன். அந்த இடைவெளியில் மலரின் தம்பி செந்தில் குதித்தான்.

"அப்ப தாவிக் காட்டுங்க மச்சான்!"

"பனிக்கு எங்கப்பா போறது?"

"பனி எதுக்கு? பாக்கு மட்டை இருக்கே!"

பாக்கு மரத்திலிருந்து விழும் மட்டையின் அடிப்பகுதி, நனைந்தால் சோப்புக் கட்டி மாதிரி. அதில் உட்கார்ந்து இழுத்து விளையாடாத குழந்தை அந்தத் தீவில் கிடையாது. தோப்புச் சரிவில் மட்டைகளைப் பரப்பி அடித்து, அடியில் வரப்பின் மேல் பலகை சாய்த்து மேடு கட்டினால், அதற்கப்பால் உழுது தண்ணீர் கட்டிய வயல். பஞ்சு மெத்தை போலச் சேறு. ஞாயிற்றுக்கிழமை என்று செந்திலே நாள் குறித்துவிட்டான். எனக்கு மறுக்க வழியில்லை. தினமும் தாவுகிறவன் அல்லவா நான்!

அன்று மாலையே குல்மார்கில் இருக்கும் பஷீருக்குப் போன் போட்டேன். எங்கள் விடுதியில் தாவலுக்கென்றே இருக்கும் பயிற்சியாளர் அவன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை.

"பாய், புதுசா வர்றவனுக்குக் கத்துக்குடுக்குறது சுலபம். உன்ன மாதிரிப் பழைய ஆளுதான் கஷ்டம். மேடு வந்தா நீ என்ன பண்ணுவ?"

"முழங்காலை மடக்கி அதை உள்ள வாங்கிக்குவேன்."

"அதுதான் தப்பு. அது கீழயே இருக்குறதுக்கான வித்தை. தாவணும்னா விளிம்புல நேர் எதிரா செய்யணும். கணுக்கால், முழங்கால், இடுப்பு மூணையும் நீட்டி எழும்பணும். கை முன்னால. கணைக்கால் எலும்பு பூட்ஸோட முன்பக்கத்தை அழுத்திக்கிட்டே இருக்கணும். பார்வை எறங்குற எடத்துல. பயத்துல பின்னால சாஞ்ச, முடிஞ்சுது. அப்புறம், முழங்கால் உயர மேட்டுல இருந்து ஆரம்பி. பெருசுக்குப் போகாத."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன், கடைசி வாக்கியத்தைத் தவிர. ஒன்பது குளிர்காலம் பார்த்தவனுக்கு முழங்கால் உயர மேடா? குழந்தைகள் வகுப்பா இது?

அந்த வாரம் முழுக்க மின்னி பே வீட்டில் சோபாவிலிருந்து தாவிப் பழகினேன். கீழ்வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டி மாடிப்படியில் வந்து நின்று, "பேட்டா, ஊப்பர் க்யா கூட் ரஹே ஹோ? மசாலாவா?" என்று கேட்டார். மேலே மசாலா இடிக்கிறோம் என்று நினைத்திருக்கிறார். என் அம்மா, "ஆமா, எங்க மானத்தைத்தான் இடிச்சிட்டிருக்கான்" என்று தமிழிலேயே பதில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரவு பெய்த மழையில் மட்டைகள் மினுமினுத்தன. செந்தில் மேட்டை என் இடுப்பு உயரத்துக்குக் கட்டியிருந்தான். நான்தான் அப்படிக் கேட்டிருந்தேன். வரப்பெல்லாம் குடைகள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையைக் கட்டி நின்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. உழுத வயலுக்கு அந்தப் பக்கம் பச்சைக் கம்பளம் விரித்தது போல நாற்றங்கால். அந்த வருஷ நடவுக்கான மொத்த நாற்றும் அதில்தான். அது என்னிடமிருந்து ரொம்பத் தூரம். அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

ஹெல்மெட், பூட்ஸ், பலகை எல்லாம் மாட்டிக்கொண்டு சரிவின் உச்சியில் நின்றேன். முழங்காலை மடக்கினேன். கிளம்பினேன்.

கிளம்பினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. காணாமல் போனேன் என்பதுதான் சரி. குல்மார்கின் இறுகிய பனியில்கூட அப்படியொரு வேகத்தை நான் பார்த்ததில்லை. பாக்கு மரங்கள் இரண்டு பக்கமும் ஒன்றாகிச் சுவர் போல ஓடின. மூக்கில் என்னவோ பலகார வாசனை. 'என்ன இது, யாரோ அப்பளம் பொரிக்கிற மாதிரி...' என்று நினைப்பதற்குள் விளிம்பு வந்துவிட்டது.

கணுக்கால், முழங்கால், இடுப்பு. ஒன்றுமே நினைவில்லை. பயந்துபோய், பஷீர் எதைச் செய்யாதே என்றானோ அதைச் சுத்தமாகச் செய்தேன். பின்னால் சாய்ந்தேன். பலகைகள் வானத்தைப் பார்த்தன. நானும் வானத்தைப் பார்த்தேன். கீழே உழுத வயல் முழுசாகக் கடந்துபோவதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"ஜமாய் உட் கயா!" என்று ஒரு வங்காளிப் பெண் குரல் கூவியது. மருமகன் பறந்துவிட்டானாம்.

தொப்!

முதுகு நாற்றங்காலில். ஒரு பலகை என் காலில். இன்னொன்று சேற்றில் கொடிக்கம்பம் போலக் குத்திட்டு நின்றது. அடி எதுவும் இல்லை. மலர்தான் முதலில் ஓடிவந்தாள். கையைக் கொடுத்து இழுத்தாள். பூட்ஸ் சேற்றைவிட்டு வர மறுத்தது. மூன்று பேர் கயிறு போட்டு என்னைத் தனியாகவும் பூட்ஸைத் தனியாகவும் எடுத்தார்கள்.

அத்தை பதறிக்கொண்டு வந்தார்.

"ஐயோ, எண்ணெய் பத்தலையா மாப்ள?"

"எந்த எண்ணெய் அத்தை?"

"மட்டையில சிக்கிக்கிட்டு நீங்க நின்னுட்டா நமக்குத்தான கேவலம்? மாப்ளைக்குக் குறை வைக்கக் கூடாதுன்னு, விடியக்காலையில ஒரு டின் தேங்காயெண்ணெய் ஊத்தி விட்டேன். நம்ம கொப்பரையில ஆட்டுனது. கலப்படமே கெடையாது."

உபசரிப்பால் உயிர் போக இருந்த முதல் மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

மாமா அருகில் வந்தார். என்னைப் பார்க்கவில்லை; பெயர்ந்து கிடந்த நாற்றைப் பார்த்தார். என் கல்யாணம் அந்தச் சேற்றிலேயே புதைந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

"மாமா, பேர்த்த நாத்தை இன்னைக்கே நட்டுடலாமா? நானே நடுறேன்."

நட்டேன். மத்தியானம் முழுக்க மழையில் குனிந்து நட்டேன். இங்கேதான் ஒரு அதிசயம். மணிக்கணக்காக முழங்காலை மடக்கி நின்று சம்பளம் வாங்குகிறவன் நான். நடவுக்கும் அதே நிலைதான். செந்தில் இரண்டு தரம் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். நான் நிமிரவே இல்லை. (வெட்கத்தில் முகத்தைக் காட்ட முடியவில்லை என்பதும் ஒரு காரணம்.)

மாமா பக்கத்து வரிசைக்கு வந்து குனிந்தார்.

"தம்பி, நெசத்தைச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி தாவியிருக்கீங்களா?"

"இல்ல மாமா."

"ஒரு தடவைகூடவா?"

"கட்டில்ல இருந்துதான் மாமா."

மாமா நிமிர்ந்தார். அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா அன்னைக்கே தட்டு மாத்தியிருக்கலாமேய்யா! தினமும் தாவுறேன்னீங்க. டிவில கழுத்து முறிஞ்சவனைத் தூக்கிட்டுப் போறதையும்தான் காட்டுறான். எம் பொண்ணு கண்காணாத ஊர்ல, பனிக்குள்ள, ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குற மாதிரியே கண்ணுக்குள்ள வந்துது. தூக்கமே இல்ல எனக்கு. தாவுற ஆளுக்குப் பொண்ணு குடுக்குறதில்லன்னு முடிவே பண்ணிட்டேன். தாவத் தெரியாதுன்னு இன்னைக்குக் கண்ணால பாத்துட்டேன். போதும். மலரு! மாப்ளைக்கு வெந்நி போடச் சொல்லு!"

வெந்நீரோடு வந்த மலர் என் காதருகில் சொன்னாள்: "சொல்லாதீங்க, சொல்லாதீங்கன்னுதான் அன்னைக்குத் தலையை ஆட்டுனேன். கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். மனுஷன் சும்மா இருந்தால்தானே! அன்றிரவு என்னை அங்கேயே தங்கவைத்துவிட்டார்கள். மறுநாள் காலை, வீட்டில் எல்லாரும் பல் துலக்கிக்கொண்டிருந்த நேரத்தில், மலரைக் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போனேன். எண்ணெய் மட்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசாகப் பரப்பினேன். மேட்டை இறக்கினேன். முழங்கால் உயரம். குழந்தைகள் வகுப்பு.

சறுக்கினேன். விளிம்பு வந்தது. நீட்டி எழும்பினேன். கை முன்னால், பார்வை இறங்குகிற இடத்தில். ஒரு கணம் காலடியில் ஒன்றுமே இல்லை. மட்டை உரசும் சத்தம் நின்று, தோப்பில் மழைச் சொட்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இரண்டு காலும் சேர்ந்து, முழங்கால் மடங்கி, சேற்றில் மெத்தென்று இறங்கினேன். நின்றேன். விழவில்லை!

"பாத்தியா? பாத்தியா மலரு? இரு, மாமாவைக் கூப்பிடுறேன்!"

மலர் குடைக்காம்பால் என் சட்டைக் காலரைக் கொக்கி போட்டு இழுத்தாள்.

"வாயத் தொறந்தீங்க, கல்யாணம் நின்னுடும்."

அன்றிலிருந்து நான் இரட்டை வாழ்க்கை வாழ்கிறேன். குல்மார்கில் இன்று குழந்தைகளுக்குத் தாவல் வகுப்பு எடுப்பது நான்தான். பெரார்கஞ்சிலோ நான் தாவத் தெரியாத மாப்பிள்ளை. நான் வாசலில் ஒரு குட்டையைத் தாண்டினால்கூட அந்த வங்காளி அக்கா "ஜமாய் உட் கயா!" என்று குரல் கொடுப்பார். ஸ்கூட்டர் கிளம்பத் தகராறு செய்தால் செந்தில் உள்ளே பார்த்து, "அம்மா, மச்சானுக்கு ஒரு டின் ஊத்து!" என்பான். ஜூலையில் லீவுக்கு வந்தால் முதல் வேலை நடவு. மாமா வருகிறவர்களிடமெல்லாம், "மாப்ள பனியில என்ன பண்றாரோ தெரியாது, நம்ம வயல்ல நல்லா நிப்பாரு" என்று பெருமையாகச் சொல்கிறார்.

இதை எழுதி முடித்ததும் மலரிடம் படிக்கக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே படித்தவள் கடைசிப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"எல்லாம் சரி. மறுநாள் நீங்க தாவுனதா எழுதியிருக்கீங்களே, அது என்ன?"

"நீதானடி பாத்த! பக்கத்துலயே நின்னியே!"

"நானா?" என்றாள், சமையலறையில் இருந்த அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி. "குடை மறைச்சிடுச்சுங்க. நான் எதையும் பாக்கல."