குமாரவேல் பண்ணையும் ஊர்ப் பண்பாடும்

எண்ணூர் ஆற்றோரம் இரண்டு பாத்தி கீரை, மூன்று ஆடு. இதை வைத்துப் பண்ணைச் சுற்றுலா நடத்தியே தீருவது என்ற முடிவோடு குமாரவேல் வீட்டுக்குள் நுழைந்தான்.

"சுற்றுலா ஆபீசு கூட்டத்துல சொன்னாங்கடி. வெறும் பண்ணைன்னா எவனும் வரமாட்டானாம். பக்கத்துல இயற்கை அழகு வோணும், ஊரு பண்பாடு வோணும்."

"இயற்கை இன்னா கீது நம்மாண்ட?" என்றாள் மனைவி நீலா, மடவை மீனை ஆய்ந்தபடியே.

"ஆறு கீது."

"ஆத்துல கரண்டு கம்பெனி சாம்பல் கீது."

"அதுக்குத்தான் பச்சை வலை கட்டி மறைக்கப் போறேன். பண்பாட்டுக்கு நீ கீற. கண்டாங்கி கட்டிகினு கும்மி அடிக்கிற."

"ஏன், கும்மிய நீயே அடி."

குமாரவேலுக்குச் சுர்ரென்று ஏறியது. அவன் கோபம் குப்பம் முழுக்கப் பிரசித்தம். தொண்டையைத் திறந்தான் என்றால் துறைமுகத்துச் சங்கு தோற்றுப்போகும். அவன் கத்தி முடிக்கும்வரை நீலா செதிலைச் சுரண்டினாள். பிறகு, "சரி, பண்பாட்டை நான் பாத்துக்கிறேன். நீ போய் கீரையப் பாரு" என்றாள். இத்தனை சுலபமாக ஜெயித்தது அவனுக்கே கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக் கம்பெனி சௌமியா பத்துப் பேரைக் கூட்டிவந்தாள். பிடித்திருந்தால் தொடர்ந்து கூட்டம் அனுப்புவாள். இல்லையென்றால் தண்டையார்பேட்டை குடோனில் மூட்டை தூக்க அவன் திரும்பிப் போக வேண்டியதுதான். இலை இலையாகக் கழுவி வைத்த கீரையைக் காட்டத் திரும்பியவன் திடுக்கிட்டான். முந்தின நாள் கட்டிய வலையைக் காணோம். நீலா அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தாள். எதிரே ஆறு, சேறெல்லாம் சாம்பலாய், பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

"அங்கிள், அது என்ன வெள்ளையா? மணலா?" என்றாள் வந்தவர்களில் ஒரு பெண்.

அவ்வளவுதான்.

"மணலா? எங்கப்பன் எறால் தடவின எடம்மா அது. கையை வுட்டா கூடை ரொம்பும். இப்போ கையை வுட்டா தோலு உரியுது. கம்பெனி சாம்பல் குழா ஒடைஞ்சுகினே கீது, கேக்க நாதி இல்ல. கீரைல சாம்பலு, சோத்துல சாம்பலு, எம்புள்ள மூக்குல சாம்பலு. ஆபீசரு மூக்கைப் பொத்திகினு போட்டோ புடிச்சுட்டுப் போறான். பேமானி, நாங்க இன்னா மூக்கைக் கழட்டி வெச்சுட்டா குந்திகினு கீறோம்?"

வயிற்றெரிச்சல் நிஜம். அதனால் நிறுத்த முடியவில்லை. மூச்சு வாங்க நின்றபோது பத்துப் பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். போச்சு, இனி மூட்டைதான் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

சௌமியா நீலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க போன்ல சொன்னப்ப நான் நம்பல. இந்த மாதிரி எந்தப் பண்ணையிலயும் பாத்ததில்ல. மாசம் ரெண்டு கூட்டம் அனுப்புறேன்."

"போன்ல இன்னாடி சொன்ன?" என்றான் குமாரவேல்.

"எங்கூரு பண்பாடே எங்க வூட்டுக்காரரு கோவந்தான்னேன்."

நான் என்ன வேடிக்கைப் பொருளா என்று கொதித்தான். அடுத்த கூட்டத்தின் முன் கோபமே படுவதில்லை, சிரித்த முகமாகக் கீரையை மட்டும் காட்டுவது என்று சபதம் செய்தான். கூட்டம் வந்தது. சொன்னபடியே பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். நீலா எல்லாருக்கும் டீ கொடுத்தாள்.

"சாம்பலா? அது ஒண்ணும் பண்ணாதுங்க. செடிக்கு உரம்னு ஆபீசரே சொல்லிட்டுப் போனாரு" என்றாள் சாவகாசமாக.

"எவன்டி சொன்னான்?"

ஆடுகள் மூன்றும் மிரண்டு ஓடின. நீலா பாயை எடுத்து விரித்தாள்.

"குந்துங்க சார். இப்போதான் ஆரம்பிக்கிறாரு, முடிய அரை மணி ஆவும்."