கல்லாமை அடித்த ஆணி

இனி இந்த வீட்டில் யாரையும் எதிர்த்துப் பேசுவதில்லை என்று போன வருடம் ஒரு முடிவு எடுத்தேன். பயந்து எடுத்த முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு போர்த்தந்திரம். பதினொரு மாதம் அசைக்க முடியாமல் நின்ற அந்தத் தந்திரம், போன ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரத்தில் தவிடுபொடியானது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். மேசை போய்விட்டது, மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

தந்திரத்தை எனக்குக் கற்றுத் தந்தது ஓர் ஆமை.

டிவியில் ஆடுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு விநோத மிருகத்தை வளர்த்து, ஊர் பேர் தெரியாத யாருடனாவது மோதவிட வேண்டும். ஒரு சுற்றுக்கு ஆளுக்கு ஒரு வித்தை. யாருடைய மிருகம் முதலில் விழுகிறதோ அவர் தோற்றார். எல்லோரும் நெருப்புக் கக்குவது, இடி இறக்குவது என்று பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். நான் எடுத்தது கல்லாமை. கல்லால் ஆன ஆமை. பெயரைச் சொன்னதும் என் மனைவி, "உங்களுக்குப் பொருத்தமாத்தான் வச்சிருக்கான்" என்றாள். என் பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியலை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

கல்லாமை ஓட்டுக்குள் ஒடுங்கும். ஒடுங்கிய இடத்திலேயே தூங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளும். நடுநடுவே கொஞ்சம் நச்சுப்புகை விடும். முட்டவும் செய்யும், ஆனால் அது முட்டினால் எதிரிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியது போல இருக்கும். அதனால் நான் முட்டவிடுவதே இல்லை. எதிராளி பத்து நிமிடம் ஆவேசமாக அடிப்பார். அரை மணி நேரம் அலுப்போடு அடிப்பார். அப்புறம் அவர் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவார்கள், எழுந்து போய்விடுவார். வெற்றி எனக்கு.

மாடி வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. முப்பத்தைந்து வருடம் ரயிலின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து வந்தவர். இப்போதாவது முன்னால் பாய வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவர் வளர்ப்பது தீக்கோழி. பெயருக்கு ஏற்ற மாதிரி நிஜமாகவே தீயைக் கக்கும் கோழி. என்னோடு அறுபத்திரண்டு ஆட்டம் ஆடி அறுபத்திரண்டிலும் தோற்றவர். ஒவ்வொரு தோல்விக்கும் மேலே காலால் தரையை ஓங்கி உதைப்பார். என் தலையில் சுண்ணாம்பு உதிரும். எனக்கு அது பூமாரி.

நான் வேலை பார்ப்பது காப்பீட்டு அலுவலகத்தில். மனு கொடுக்க வருகிறவர்களிடம், "இன்னும் ஒரு தாள் வேணுமே" என்று சொல்கிற மேசை என்னுடையது. அதாவது அங்கேயும் ஆமைதான். வெளியிலும் வென்றேன், விளையாட்டிலும் வென்றேன். பாக்கி இருந்தது வீடு.

வீட்டில் தகராறு ஒரு அறையைப் பற்றி. பின்பக்கத்துச் சின்ன அறை, பத்தடிக்கு எட்டடி, ஒரு பெரிய ஜன்னல். அதில் என் டிவி, என் மேசை, நான் உட்கார்ந்து உட்கார்ந்து குழிவிழுந்த நாற்காலி, ஓர் இரும்பு பீரோ. எல்லாவற்றுக்கும் மேலாக, சாத்திக்கொள்ள ஒரு கதவு. என் மனைவி தையல்காரி. தெருவில் பாதிப்பேர் உடுத்தியிருப்பது அவள் தைத்த துணி. அவளுடைய மெஷின் கூடத்து மூலையில், செருப்பு வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. யாராவது அளவு கொடுக்க வந்தால் கயிற்றில் போர்வையைத் தொங்கவிட்டு மறைப்புக் கட்டுவாள். விளக்கைப் போட்டால்தான் ஊசியின் காது தெரியும். நியாயம் முழுக்க அவள் பக்கம். அதனால்தான் நான் நியாயம் பேசவே இல்லை.

"அந்த ரூமை எனக்குக் காலி பண்ணிக் குடுங்க."

"ம்."

"ம்-னா?"

"பார்க்கலாம்."

"எப்ப பார்க்கலாம்?"

"முதல்ல அளவு எடுக்கணும்ல?"

"நான் தையல்காரி. பத்துக்கு எட்டு. எடுத்தாச்சு."

"சுவத்துல ஈரம் இருக்கு. மெஷின் துருப்பிடிக்கும்."

"நீங்க துருப்பிடிக்கலையே?"

"ம்."

இப்படிப் பதினொரு மாதம். அவள் கோபப்பட்டால் நான் ஒடுங்குவேன். அழுதால் தூங்குவேன். நடுநடுவே, "முதுகு பிடிச்சுக்கிச்சு" என்று கொஞ்சம் புகை விடுவேன். ஒருநாள் அவள் கத்திரியை மேசைமேல் வைத்துவிட்டு, "உங்ககிட்ட பேசறதும் ஒண்ணுதான், அந்தச் சுவத்துகிட்ட பேசறதும் ஒண்ணுதான்" என்றாள். எனக்கு விருது கிடைத்தது போல இருந்தது.

முதல் அதிர்ச்சி போன மாதம் வந்தது. நான் ஆடிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. அவள் கையில் தேநீர். எனக்கு! கொண்டுவந்து கொடுத்ததோடு போகாமல், ஒரு முக்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூக்கிவாரிப் போட்டது எனக்கு. கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் அவள் அந்தத் திரையைப் பார்த்ததே இல்லை.

"இதுதான் அந்த ஆமையா?"

"ஆமா."

"பாவம், அடி மேல அடி வாங்குதே?"

"வாங்கட்டும். ஒண்ணும் ஆகாது. அதான் அதோட அழகு."

"அப்ப இதைத் தோற்கடிக்கவே முடியாதா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் தேநீர் சூடாக இருந்தது. சர்க்கரை அளவாக இருந்தது. மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து, என் ஆமையை அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

"ஒரே ஒரு வழி இருக்கு" என்றேன், குரலைத் தாழ்த்தி. மேலே கார்டு இருக்கிறாரே. "சீண்டல்னு ஒரு வித்தை. எல்லா மிருகத்துக்கும் தெரியும். ஆனா ஒருத்தரும் போட மாட்டாங்க."

"சீண்டினா?"

"ஆமைக்கு ரோஷம் வந்துடும். மூணு சுற்றுக்கு ஓட்டுக்குள்ள போக முடியாது, தூங்க முடியாது, புகை விட முடியாது. அடிச்சே ஆகணும்."

"அதுக்குத்தான் அடிக்கத் தெரியாதே?"

"அதான்! வெளிய வந்து அசடு வழிஞ்சு நிக்கும்."

"அப்புறம் ஏன் யாரும் அதைப் போடறதில்லை?"

"சீண்டலால ஒரு காயமும் படாதே. எல்லாருக்கும் உடனே அடிக்கணும். ஒரு சுற்றை வீணாக்கி, சும்மா நாலு வார்த்தை சொல்லிட்டுக் காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கு?"

"அப்படியா" என்றாள். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப்பிறகு அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கார்டு தன் கால்சட்டையை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். இடுப்பு பிடிக்கிறதாம். நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஆமைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் பேச்சு கேட்டது.

"என்னம்மா, அந்த ரூம் விஷயம் என்னாச்சு?"

"அதை விட்டுட்டேன் அண்ணே. பாவம், அவரால முடியாது."

"எது முடியாது?"

"அந்த பீரோவை நகத்தறதுதான். முந்தி மாதிரியா இருக்கு உடம்பு? ரெண்டு படி ஏறினாலே புஸ்புஸ்ஸுங்குறாரு. அவரைப் போட்டு ஏன் கஷ்டப்படுத்தணும்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதினொரு மாதமாகத் தாங்கியவன்தானே. ஆனால் 'பாவம்' என்றாள் பாருங்கள், அதுவும் மாடி வீட்டு மனுஷரிடம்! காது மடல் சுட்டது. கதவைத் திறந்தேன்.

"யாரால முடியாது?"

"உங்களை ஒண்ணும் சொல்லலைங்க. நீங்க போய் உக்காருங்க."

உட்காருவதா? பீரோவைக் கட்டிப்பிடித்தேன். அது போக வழி வேண்டும் என்று முதலில் டிவியை, பிறகு மேசையை, அப்புறம் நாற்காலியை வெளியே எடுத்து வைத்தேன். பிறகு பீரோவை ஒரே தள்ளாகத் தள்ளிக் கூடத்தில் நிறுத்தினேன். முதுகில் ஏதோ 'சடக்' என்றது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"பரவால்லையே!" என்றார் கார்டு.

"பீரோவை யாரும் தள்ளலாம் அண்ணே, தரை வழவழன்னு இருக்கு" என்றாள் அவள், அவருடைய இடுப்பளவைக் குறித்துக்கொண்டே. "என் மெஷின்தான் இந்த வாசல்ல நுழையாது. கதவைக் கழட்டணும். அது ஆசாரி வேலை. மூளை வேணும்."

"ஆமா ஆமா, மூளை வேணும்" என்றார் கார்டு. அவர் ஏன் இரண்டு தடவை 'ஆமா' சொன்னார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திருப்புளியை எடுத்தேன். ஆறு திருகாணிகள். கதவு கையோடு வந்தது. இரும்புக் கால் மெஷினைத் தலைகீழாகச் சாய்த்து, பக்கவாட்டில் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே கொண்டுபோய் ஜன்னலோரம் நிறுத்தினேன். வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. அதற்கென்றே கட்டிய அறை மாதிரி இருந்தது. கழற்றிய கதவைத் திரும்ப மாட்டத் தெரியாது என்று யாராவது சொல்வதற்குள் நானே மாட்டியும் விட்டேன். யாரும் கேட்காமல் நான் செய்த உபகாரம் அது.

"இப்ப என்ன சொல்றே?" என்றேன். வேர்வை மூக்கிலிருந்து சொட்டியது.

"எல்லாம் செய்வார் அண்ணே. ஒண்ணு மட்டும் அவருக்கு வரவே வராது."

"என்னம்மா அது?"

"அடிக்கத் தெரியாது."

"யாரை?"

"யாரையும் இல்லை, ஆணி. கல்யாணமான புதுசுல ஒரு படம் மாட்ட ஆணி அடிச்சாரு. மறுநாள் பக்கத்து வீட்டம்மா வந்து, எங்க சுவத்துல முனை நீட்டிக்கிட்டு இருக்கு, அதுல துண்டு தொங்கவிட்டுக்கலாமான்னு கேட்டாங்க."

கார்டு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கா அடிக்கத் தெரியாது? கொண்டா சுத்தியலை!"

கேட்டு முடிக்கவில்லை, சுத்தியல் கையில் இருந்தது. ஆணி இரண்டும் இருந்தன. கதவு நிலைக்கு மேலே இரண்டு இடத்தில் தையல் சுண்ணாம்புக்கட்டியால் புள்ளிகூட வைத்திருந்தது. முக்காலிமேல் ஏறினேன். டங்! டங்! டங்! இரண்டும் நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கின. வாழ்நாளில் நான் உருப்படியாக அடித்த முதல் அடி. கார்டு கைதட்டினார். இறங்கி நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

அவள் பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு பலகையை எடுத்து வந்து, முக்காலிமேல் ஏறி அந்த இரண்டு ஆணியிலும் மாட்டிவிட்டு இறங்கினாள். எழுதிக் காய்ந்து, வார்னிஷ் அடித்த பலகை. வாசித்தேன்.

'தையல் அறை. ஆண்களுக்கு அனுமதி இல்லை.'

பேயறைந்தவன் போல நின்றேன். அறை போனவனை வேறு எப்படிச் சொல்வது? மனசு விரல் விட்டு எண்ணியது. பீரோ ஒன்று. மெஷின் இரண்டு. ஆணி மூன்று. மூன்று சுற்று! சீண்டல்! எனக்குத் தலை சுற்றியது. சொல்லிக் கொடுத்தவனே நான்தான். தேநீர் குடித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தேன்.

"என்ன சார், உடம்புக்கு என்ன?" என்று கார்டு என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். நாற்காலி இப்போது செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. டிவியை அவரே பொருத்தினார். "வாங்க, ஒரு ஆட்டம் போடுவோம். மனசு தெளியும்."

நல்ல மனுஷர் என்று நினைத்தேன். அறுபத்து மூன்றாவது ஆட்டம். நான் கல்லாமையை இறக்கினேன், அவர் அதே திரையில் தன் தீக்கோழியை இறக்கினார். முதல் சுற்றில் தீக்கோழி நெருப்பைக் கக்கவில்லை. ஒற்றைக் காலில் நின்று, இறக்கையால் வாயைப் பொத்தி, என் ஆமையைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தது. திரையில் கொட்டை எழுத்தில் விழுந்தது: 'சீண்டல்!'

ஒடுங்கு என்றேன், ஒடுங்கவில்லை. தூங்கு என்றேன், தூங்கவில்லை. என் ஆமை ரோஷத்தோடு வெளியே வந்து முட்டியது. கோழிக்குக் கூசியது, அவ்வளவுதான். மூன்றாம் சுற்றில் கல்லாமை மல்லாந்தது.

"யார் சார் உங்களுக்கு இதைச் சொன்னது?"

கார்டு கால்சட்டையை மடித்துக்கொண்டே தரையைப் பார்த்தார். "தங்கச்சிதான். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்து ரூம் விஷயம் என்னாச்சுன்னு மட்டும் கேளுங்க அண்ணே, அவரோட ஆமையை விழவைக்கிற வித்தையைச் சொல்லித் தர்றேன்னுச்சு. அறுபத்திரண்டு தடவை தோத்தவன் சார் நான். எனக்கும் ஒரு மனசு இருக்குல்ல?"

எழுந்தேன். என் கதவின் முன்னால் போய் நின்றேன். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தட்டினேன்.

"இங்க பாரு! எல்லாம் எனக்குத் தெரிஞ்சு போச்சு. சீண்டல் மூணு சுற்றுக்குத்தான். மூணும் முடிஞ்சுது. இனிமே நீ என்ன சொன்னாலும் எனக்கு ரோஷம் வராது. நான் மறுபடியும் ஓட்டுக்குள்ள போகப்போறேன், ஆமா!"

மெஷின் நின்றது. பல்லால் நூலைக் கடித்து அறுக்கிற சத்தம் கேட்டது.

"தாராளமா போங்க" என்றாள் உள்ளேயிருந்து. "எந்த ஓட்டுக்குள்ள?"