டவுட்டு சார் போட்ட பெருக்கல் குறி

கடவுளே நேரில் வந்து வரம் தருகிறேன் என்றாலும், “கண்டிஷனைப் பொடி எழுத்துல எங்க போட்டிருக்கீங்க?” என்று கேட்கக்கூடியவர் எங்கள் டவுட்டு சார். மாட்டுத்தாவணியில் பூ வாங்கினால்கூட, கை நீளமான ஆளாகத் தேடிப் பிடித்துத்தான் முழம் போடச் சொல்வார். காலையில் யாராவது குட்மார்னிங் சொன்னால், “என்ன விஷயம்?” என்பார்.

எங்கள் வங்கியின் மதுரை மண்டல அலுவலகத்தில் அவர் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். வாடிக்கையாளரை ஏமாற்றாமல் விதிப்படி நடக்கிறோமா என்று பார்க்கிற வேலை. மாதம் தவறாமல் மேலிடத்துக்கு எச்சரிக்கைக் குறிப்பு அனுப்புவார். அதன் மேல் மண்டல மேலாளர் டீ டம்ளரை வைப்பார்.

நான் அப்போது பேரையூர் கிளையில் நகைக்கடன் மேசையில் இருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இத்தனை இன்சூரன்ஸ் பாலிசி பிடித்தாக வேண்டும் என்று மாதாமாதம் மண்டலத்திலிருந்து டார்கெட் வரும். நகை வைக்க வருபவர்களின் கடன் தாளோடு, இங்கிலீஷில் அச்சடித்த பாலிசித் தாளையும் சேர்த்துக் குத்திவிடுவோம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, “இங்க, இங்க, அப்புறம் இங்க” என்போம். அவர்களும் போட்டுவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் தோளில் துண்டோடு ஒருவர் காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடன் கேட்டு வந்தவர் என்று நினைத்தேன். மாலையில் எழுந்து வந்து தன் அடையாள அட்டையைக் காட்டினார். டவுட்டு சார்! தாள்களை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“தம்பி, இந்தப் பெருக்கல் குறி யாரு போட்டது?”

“தெரியல சார்.”

“நீ தேதி போடுறதும் இதே மாதிரிதான் சாயுது.”

மறுநாள் மதுரையில் கூட்டம். தாள்களைச் சுமந்துகொண்டு என்னையும் வரச் சொன்னார். வழியில் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் யாருக்கும் டீ வாங்கித் தந்ததாகச் சரித்திரமே கிடையாது. என் வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு அதைக் குடித்தேன்.

கூட்டத்தில் மண்டல மேலாளர் சிரித்தார். “கையெழுத்துப் போட்டிருக்காங்கல்ல? படிச்சுப் பாத்துத்தான போட்டிருப்பாங்க? விடுங்க சார்.”

டவுட்டு சார் கையெழுத்துக்கு வேண்டிய சில தாள்கள் என்று ஒரு ஃபைலை நகர்த்தினார். மேலாளர் போனில் பேசிக்கொண்டே ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டார். டவுட்டு சார் மூன்றாவது தாளை உருவி வாசித்தார்.

“எனது சொந்த விருப்பத்தின் பேரில், மண்டல மேலாளர் பதவியை விட்டு, பேரையூர் கிளையில் நகைக்கடன் மேசையில் பணிபுரியச் சம்மதிக்கிறேன்.”

மேலாளர் போனை வைத்தார். “என்னய்யா இது?”

“படிச்சுப் பாத்துத்தான சார் போட்டீங்க?”

“பெருக்கல் குறி இருந்துச்சு. போட்டேன்.”

“பேரையூர்லயும் அம்புட்டுத்தான் சார் நடந்துச்சு.”

மேலாளர் தாளை வாங்கி நாலாகக் கிழித்தார். அந்தப் பாலிசிகளை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும், இனிமேல் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கவும் அங்கேயே உத்தரவு போட்டார். ஆனால் அதோடு விடவில்லை. “இத செஞ்சவன் பேரச் சொல்லுங்க. இன்னைக்கே தூக்கிருவோம்.”

எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. டவுட்டு சார் பேனாவைத் திறந்தார்.

“டார்கெட் அனுப்புனது நீங்கதான் சார். உங்க பேர எழுதிக்கிரவா?”

கூட்டம் அத்துடன் முடிந்தது.

வெளியே வந்ததும், “ஏன் சார் என் பேரச் சொல்லல?” என்றேன்.

“சொன்னா உன்னத் தூக்கிட்டு ஃபைல மூடிருவாய்ங்க. உம்மேல பாசம்னு நெனச்சுக்காத. நாளைக்கு வாரேன். வீடு வீடாப் போயி, என்னத்துல கையெழுத்து வாங்குனேன்னு நீயே வாசிச்சுக் காட்டணும்.”

மூன்று நாள் என் பின்னாலேயே வந்தார். ஒரு வரியை விழுங்கினால்கூட, “திரும்ப வாசி” என்பார். ஒரு அக்கா என்னை வாசலில் நிற்கவைத்துத் திட்டித் தீர்த்தது. அவர் தடுக்கவில்லை.

நாலாம் நாள் பஸ்ஸில் அவர் வரவில்லை. பயந்துபோய் போன் செய்தேன்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லையே சார்?”

“நல்லாத்தான் இருக்கேன். மிச்ச வீட்டுக்கு நீயே போயிட்டு வா. நான் எதுக்கு?”

போனை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய், ஒரு வரிகூட விழுங்காமல் வாசித்தேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.