மண் சலிக்கப்போய் எனக்கு அருள் வந்த கதை

எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கணும். நாலாங் கிளாசோடு நின்றவள் நான். நடந்தது வரிசையா ஞாபகமும் வராது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் செடிக்கடை. மருமகள் மலர் செடி வளர்ப்பாள்; மண் சலிப்பது என் வேலை. அந்த வருஷம் வலது தோள் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, வேங்கிக்காலில் ஒரு கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையோடு கொடுக்கத் துளசித் தொட்டி கேட்டு மலருக்கு முதல் பெரிய ஆர்டர் வந்தது.

"மண்ணு சலிக்க ஆள் வெச்சுக்கலாம் அத்தை. நீங்க உக்காந்து டிவி பாருங்க."

பாசமாத்தான் சொன்னாள். ஆனால் சல்லடையும் போய்விட்டால் அந்தக் கடையில் நான் எதுக்கு?

வெல்டிங் கடை சலீம் பாயைக் கூப்பிட்டேன். (ஆம்பளைங்ககிட்ட பேசவே கூசுறவ நான். வேலை போயிடுமேன்னு அவ்வளவு பயம்.) பழைய இரும்புக் கட்டில் நடுவே கம்பிவலைத் தட்டை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு, வாஷிங் மெஷின் மோட்டாரை மாட்டினார். மோட்டார் தலையில் ஒரு பக்கம் மட்டும் இரும்புத் துண்டு. அது சுற்றினால் தட்டு குலுங்குமாம்.

போட்டோம். உர்ருனு சத்தம், மண் இட்லி மாதிரி உட்கார்ந்திருந்தது. "சாய்வு கம்மிம்மா" என்று தட்டைத் தூக்கினார். கல்லும் மண்ணும் கைகோத்துக்கொண்டு ஓடிவந்தன. "ஜாஸ்தியாயிடுச்சு" என்று இறக்கி, இன்னொரு இரும்புத் துண்டு சேர்த்தார். கட்டிலே துள்ளியது.

"கட்டில் காலைத் தரையில போல்ட் போட்டு இறுக்கணும். எடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் சுவிட்சைத் தொடாதீங்கம்மா."

அவர் போன பிறகுதான் பூஜை போடாதது உறைத்தது. கட்டிலுக்கு விபூதி, குங்குமம். எனக்கும் பட்டையாக விபூதி. புது வண்டிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போமே, அதுபோல நாலு காலுக்கும் வைத்தேன். ராகுகாலம் நெருங்கியது. பாய் எப்ப வர்றது, நான் எப்பத் தொடங்குறது? சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

பழம் நசுங்கி, கால் வழுக்கி, கட்டில் நடக்க ஆரம்பித்தது. நேரே மலரின் துளசி நாற்றுகளைப் பார்த்து! சுவிட்சை அணைக்கத் தோன்றவில்லை. பாரம் ஏறினால் நிற்கும் என்று தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தேன். அது என்னையும் கூட்டிக்கொண்டு போனது. கொண்டை அவிழ்ந்தது. பல்லு தாளம் போட்டது.

அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலம் போன ஒரு அம்மாள் பார்த்தார். விரிந்த தலை, விபூதி, எலுமிச்சம்பழம், ஆடுகிற கிழவி. கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பின்னாலேயே நாலைந்து பேர்.

"தாயே, என் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் கூடும்?"

"சு... சு... சுவிட்சு!"

மலர் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினாள். நாற்றுக்கு ஒரு முழம் முன்னால் கட்டில் நின்றது. என் உடம்பு நிற்கவில்லை.

"சாமி இன்னும் மலையேறலை" என்றார் அந்த அம்மாள், பயபக்தியாக.

மலர் கட்டிலுக்கு அடியில் கைவிட்டு ஒரு பிடி மண் அள்ளினாள். "அத்தை, இதைப் பாருங்க! கோலமாவு மாதிரி விழுந்திருக்கு!"

அப்போதுதான் பாய் போல்ட்டோடு வந்தார். கும்பிட்டு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மண் குவியல் மேலேயே உட்கார்ந்து சிரித்தார்.

போல்ட் இறுக்கினோம். ஆர்டர் தவறாமல் போய்ச் சேர்ந்தது. "ஆள் எப்ப வராங்க?" என்று மலரைக் கேட்டேன்.

"எதுக்கு? மெஷினுக்கு நீங்க இருக்கீங்க. ஏறி மட்டும் உக்காராதீங்க."

இப்பவும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால், "அத்தைக்கு மோட்டார் போட்டாச்சு, தள்ளி நில்லுங்க" என்பாள்.

ஒன்று மட்டும் யாராவது சரிபார்க்கணும். நான் ஏறி உட்கார்ந்தேன்னு எழுதியிருக்கேன். தடுக்கி விழுந்தீங்கன்னு மலர் சாதிக்கிறா. அந்த அம்மாளைக் கண்டால் கேளுங்க. அப்படியே அவங்க பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சான்னும் கேட்டுச் சொல்லுங்க.